நன்றியுரையில் விடுபட்ட பெயர்

எங்கள் கரையோரத்தில் ஒரு மனிதரைப் பகைத்துக்கொள்ள அவருடைய வேலியைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. அவர் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளையைக் கலைக்க வேண்டியதுமில்லை. அவர் வந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் நன்றியுரை சொல்லி, அதில் அவர் பெயரை விட்டுவிட்டால் போதும். வேலியைத் திரும்ப இழுத்துக் கட்டலாம், மாப்பிள்ளை வேறு பார்க்கலாம். விடுபட்ட பெயரை என்ன செய்வது என்று இன்றுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

பஸ்மினாவுக்கு இது தெரியாது. அவள் இறக்காமத்துப் பிள்ளை. அங்கே நன்றி சொல்ல வேண்டுமென்றால் அறுவடை முடிந்ததும் ஒரு பை நெல்லைச் சைக்கிளில் கட்டி அனுப்பிவிடுவார்கள். மேடை போடும் வழக்கம் இல்லை. அவள் கரையோரத்தில் ஓர் உயர்கல்வி நிறுவகத்தில் வரலாறு இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். நிறுவகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் நன்றி சொல்ல வேண்டி வரும்.

ஓகஸ்ட் மாதம் பிறந்ததும் கொழும்பிலிருந்து அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பழைய ஆவணங்களைக் காக்கும் இடம் ஒன்று, ஆறு மாதப் பயிற்சிக்கு அவளைத் தெரிவு செய்திருந்தது. நூற்றுப் பதினேழு பேர் விண்ணப்பித்து நாலு பேரை எடுத்திருந்தார்கள். அங்கே வெள்ளைக்காரன் காலத்துக் குளத்துத் தண்ணீர்ப் பதிவேடுகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன: எந்த வயலுக்கு எந்த நாள் மடை திறந்தது, யாருடைய வாய்க்காலை யார் வெட்டினார், அதற்கு யார் யாரை அடித்தார் என்பதெல்லாம். ஒருவரும் இன்னும் பிரித்து அட்டவணை போடவில்லை. நேர்முகத்தில் ஒரு பெட்டியின் படத்தைக் காட்டினார்கள். அதன் மேல் மங்கிய எழுத்தில் ‘இறக்காமம்’ என்று இருந்தது. அன்றிலிருந்து பஸ்மினா சோறு தின்னும்போதும் அந்தப் பெட்டியைத்தான் நினைத்தாள். அதைத் திறக்கும் முதல் கை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு ஆசைப்பட்ட பொருள் வேறில்லை.

நிபந்தனை ஒன்றுதான். இருபத்தெட்டாம் திகதி பின்னேரம் நாலு மணிக்குள், துறையிலிருந்து ஓர் உறுதிக் கடிதம், மூலப்பிரதியாக, கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். என்ன எழுத வேண்டும் என்று பஸ்மினா தொலைபேசியில் கேட்டாள். “ஒரு வரி போதும். ‘இவர் எங்கள் மாணவி’ எண்டு எழுதிக் கையொப்பம் வச்சாச் சரி” என்றார் அங்கிருந்த பெண்.

அந்த ஒரு வரியைத் தர வேண்டிய இடம் ‘வரலாற்றுத்துறை மாணவர் வாய்ப்புகள் மற்றும் சமூக நிகழ்வுகள் நிலையம்’. பெயர்ப்பலகை அறையைவிட நீளம். ஒரு முனை பக்கத்து இரசாயன ஆய்வுகூடத்தின் கதவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். நிலையம் தொடங்கி நாலு வருடத்தில் அறுபத்தொரு நிகழ்வுகள் நடந்திருந்தன. ‘வாய்ப்புகளை இனங்காணல்’ என்று ஒன்று, ‘வாய்ப்புகளைத் தவறவிடாதிருத்தல்’ என்று ஒன்று, ‘தவறவிட்ட வாய்ப்புகளிலிருந்து கற்றல்’ என்று ஒன்று. மூன்றாவது நிகழ்வுக்குத்தான் மாணவர் கூட்டம் அதிகம். வாய்ப்பு என்று ஒன்று மட்டும் அந்த நாலு வருடத்தில் அங்கே வரவில்லை. இந்தப் பயிற்சியையும் பஸ்மினா தன் கைபேசியில் தானே தேடித்தான் கண்டுபிடித்தாள்.

நிலையப் பணிப்பாளர் கலாநிதி ஸலாஹுதீன் மின்னஞ்சலை வாசித்துவிட்டு எழுந்து நின்றார்.

“மாஷா அல்லாஹ்! எங்கட நிலையம் உருவாக்கின முதலாவது வாய்ப்பு!”

“சேர், கடிதம்...”

“கடிதம் கிடைச்ச மாதிரித்தான். புதன்கிழம ஒரு விழா வைப்பம். பிரதம அதிதி கையால மேடையில கையளிப்பம். நன்றியுரை நீங்க.”

“ஒரு வரி போதுமெண்டு சொன்னாங்க சேர். இப்பவே தந்தீங்கெண்டா...”

கலாநிதி அவளை இரக்கத்தோடு பார்த்தார். “ஒரு வரிக் கடிதத்த மேடையில எப்பிடிப் புள்ள கையளிக்கிற? கெமராவுக்குத் தெரியவும் மாட்டுது. நாலு பக்கத்துக்கு எழுதுவம்.”

எங்கள் பகுதியில் எதையும் கொடுப்பதில்லை; கையளிப்பதுதான். மூக்குக்கண்ணாடி என்றாலும் தண்ணீர்ப் பம்பி என்றாலும், கொடுப்பவர் ஒரு பக்கத்தைப் பிடிப்பார், வாங்குபவர் மறுபக்கத்தைப் பிடிப்பார், இருவரும் பொருளைப் பார்க்காமல் படம்பிடிப்பவரைப் பார்ப்பார்கள். படம் எடுத்து முடியும்வரை பொருள் இருவருக்கும் சொந்தமில்லை. கண்ணாடி கிடைக்கப்போகும் கிழவர் கண் தெரியாமல் வேறு திசையைப் பார்த்துச் சிரித்த படமும் நிலையத்துச் சுவரில் இருக்கிறது.

புதன்கிழமை ‘வாய்ப்பின் வாசலில் வரலாறு’ என்ற விழா காலை ஒன்பது மணிக்கு ஆரம்பமாக இருந்தது. பிரதம அதிதி பொத்துவிலில் இருந்து வர வேண்டும். ஒன்பதரைக்கு அவர் கோமாரியில் நின்றார். அங்கே யாரோ இளநீர் வெட்டிக் கொடுத்தார்களாம். பத்தரைக்கு அக்கரைப்பற்றில் நின்றார். பதினொன்றேகாலுக்கு நிந்தவூரைத் தாண்டிவிட்டதாக மேடையிலிருந்து அறிவித்தார்கள், சபை கைதட்டியது. கச்சான் காற்று மண்டபத்துக்குள் மணலை வாரி அடித்தது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் காரைதீவுப் பூமணி, விருந்தினருக்கு மேசையில் அடுக்கிய வட்டிலப்ப இனிப்புக் கோப்பைகளை ஒரு பழைய பதாகையால் மூடிவிட்டாள்.

குர்ஆன் ஓதும் கிறாஅத், தேசிய கீதம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை எல்லாம் முடிந்து பிரதம அதிதி எழுந்தார். “நான் வரலாறு படிச்சவனில்ல. ஆனா ஒண்டு சொல்றன், நாளைக்கு வரலாறு என்னப் படிக்கும்” என்று தொடங்கி ஐம்பது நிமிடம் அதற்கான காரணங்களைச் சொன்னார். பிறகு பதினான்கு பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மருதமுனைத் தறியில் நெய்த நல்ல பொன்னாடைகள். அவற்றில் ஒன்றின் முனையில் வட்டிலப்பச் சர்க்கரைப் பாணி சிந்திய கறை ஒன்று இருந்ததை பஸ்மினா கவனித்தாள். வரலாறு படிக்கிற பிள்ளை. கறை, கிழிசல், மை எதையும் பார்க்காமல் விடமாட்டாள்.

கடைசியில் நன்றியுரை. அவள் கையில் நாற்பத்திரண்டு பெயர் கொண்ட பட்டியலைக் கொடுத்திருந்தார்கள். முதலாம் ஆண்டிலேயே அவளுக்குப் படிப்பித்தது: மூலத்தில் உள்ளதை மாற்றாதே, சேர்க்காதே, குறைக்காதே. அவள் எழுத்துப் பிசகாமல் நாற்பத்திரண்டையும் வாசித்தாள். பட்டம், பதவி ஒன்றும் தவறவில்லை. வாசித்து முடித்துத் தலையை நிமிர்த்தியபோது, முன்வரிசையில் ஒரு வெள்ளை சேட் எழுந்து நின்றது. அது நிலையத்தின் புரவலரான போசகர், தேசமான்ய, சமூகஜோதி, அல்ஹாஜ் ஆதம்பாவா ஜே.பி. அவர் யாரையும் பார்க்காமல் நேரே வாசலுக்கு நடந்தார். பூமணி நீட்டிய வட்டிலப்பத்தைத் தொடவில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் திட்டிவிட்டுப் போனால் சமாதானம் பேசலாம். வட்டிலப்பத்தைத் தொடாமல் போனால் அது வேறு விசயம்.

மேடையில் கையளிக்கத் தயாராக இருந்த கடிதத்தைக் கலாநிதி ஸலாஹுதீன் மெதுவாகக் கோப்புக்குள் திரும்ப வைத்தார்.

“ஹாஜியார்ட பேர் பட்டியல்ல இருக்கல்ல சேர்” என்றாள் பஸ்மினா.

“எப்பிடி இரிக்கும்? பட்டியல எழுதினதே அவர்தானே. தன்ட பேரத் தானே எழுதுவாரா? வாசிக்கிற ஆள்தான் சேர்த்து வாசிக்கணும். வரலாறு படிக்கிறீங்க, ஏட்டில இல்லாததையும் வாசிக்கத் தெரிய வேணாமா?”

“கடிதத்தையாவது...”

“அதில ரெண்டாவது கையொப்பம் போசகர்ட. இன்னும் வைக்கல்ல. மேடையில வைக்கிறதுக்கிருந்தவர்.”

நிலையத்தின் எழுதுவினைஞர் லைலா மட்டும் அவளைத் தனியே கூப்பிட்டு விளக்கினார். “இஞ்ச பாருங்க புள்ள, பணிப்பாளர்ட கையொப்பம் இரிக்கி. ஆனா ரெண்டாவது இல்லாட்டி முதலாவது செல்லாது எண்டு சட்டம். அந்தச் சட்டத்த எழுதினதும் பணிப்பாளர்தான். என்னால ஏலுமெண்டா இப்பவே எடுத்துத் தந்திருப்பன்.” துறைக்கு மேலே உள்ள பீடாதிபதியிடம் போகலாமா என்று பஸ்மினா கேட்டாள். “போகலாம். அவர் கோப்ப இஞ்சதான் அனுப்புவார்” என்றார் லைலா.

மறுநாள் பஸ்மினா சாய்ந்தமருதில் ஆதம்பாவா ஹாஜியாரின் வீட்டுக்குப் போனாள். முன்னறையில் சுவர் தெரியவில்லை. விருதுக் கேடயங்களும் வாழ்த்துப்பாக்களும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தன. ஒரு கேடயத்தில் ‘விளம்பரம் விரும்பாத வித்தகர்’ என்று பொன்னெழுத்தில் இருந்தது.

“எனக்கு ஒரு கோவமுமில்ல மகள். நான் பேருக்கு அலையிற ஆளா? சொல்லுங்க பாப்பம்.”

“இல்ல ஹாஜியார். என்ட பிழதான். மன்னிச்சுக்கொள்ளுங்க.”

“மன்னிப்பெல்லாம் அல்லாஹ்ட்ட கேக்கிற. நான் யாரு?” அவர் புகழை வெறுப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் கதைத்தார். இடையில் இரண்டு முறை எழுந்து, அதற்குச் சான்றான கேடயங்களைக் கழற்றிக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பேர் விடுபட்டது ஒண்டுமில்ல மகள். விடுபட்டது முந்நூறு பேருக்குத் தெரிஞ்சு போச்சு. அதே முந்நூறு பேருக்கும் முன்னால சொன்னாத்தானே சரியாகும்? எனக்காக இல்ல. அந்தப் பதவிர மரியாதைக்காக.”

பதினைந்தாம் திகதி ‘நன்றி மீளுரைப்பு விழா’ நடந்தது. அதே முந்நூறு பேரும் வர வேண்டும் என்பதால் வரவுப் பதிவு எடுத்தார்கள். முதல் விழாவுக்கு வந்திருந்த ஒருவர் இடையில் கட்டாருக்குப் போய்விட்டார். அவருக்குக் காணொளி அழைப்பு எடுத்துக் கைபேசியை ஒரு கதிரையில் சாய்த்து வைத்தார்கள். விழா என்றால் தலைவர் வேண்டும். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் அதாவுல்லா தலைமை தாங்கினார். தலைவர் என்றால் பட்டியல் அவர் எழுத வேண்டும், எழுதினார். பஸ்மினா இந்த முறை விழிப்பாக இருந்தாள். ஆதம்பாவா ஹாஜியாரின் பெயரை எல்லாப் பட்டங்களோடும் மூன்று தரம் சொன்னாள். பட்டியல் எழுதியவரின் பெயர் பட்டியலில் இருக்காது என்பதும் இப்போது அவளுக்குத் தெரியும். ஆகவே கடைசியில், ஒலிபெருக்கி றாஸிக்குக்குப் பிறகு, அதாவுல்லா அதிபரின் பெயரைத் தானாகவே சேர்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அதாவுல்லா அதிபர் எழுந்தார். வட்டிலப்பம் மேசையிலேயே இருந்தது.

“முப்பத்தாறு வருஷம் அதிபரா இருந்த மனுசன்” என்று அவர் வாசலில் நின்று சொன்னது உள்ளே எல்லோருக்கும் கேட்டது. “சவுண்ட்காரனுக்குப் பின்னால நிக்க வச்சுட்டாங்க.”

ஆதம்பாவா ஹாஜியார் சட்டைப் பையிலிருந்து எடுத்த பேனையைத் திரும்பச் செருகினார். “அதிபர் வெளியில போற நேரம் நான் இஞ்ச கையொப்பம் வச்சா, அது அவர மிதிச்ச மாதிரி. அவர முதல்ல சமாதானப்படுத்துங்க மகள்” என்றார். அவருடைய பெருந்தன்மையைச் சபை பாராட்டியது.

அன்று பின்னேரம் வாப்பா சீனிமுகம்மது இறக்காமத்திலிருந்து தொலைபேசி எடுத்தார். சிறுபோக நெல் அறுவடைக்கு நின்றது. யானைகள் இரண்டு தரம் வயலுக்குள் இறங்கிவிட்டனவாம்.

“கடிதம் கிடைச்சுதா மகள்?”

“இன்னும் இல்ல வாப்பா. இன்னொரு கூட்டம் இரிக்கி.”

“ஒரு கடிதத்துக்கு எத்தின கூட்டம் மகள்?” “யானை வந்தா வெடி போட்டாவது கலைக்கலாம். இதுக்கு என்னத்தப் போடுற?”

பெயர்களை எந்த ஒழுங்கில் சொல்வது என்று முடிவெடுக்க ஓர் உபகுழு அமைத்தார்கள். அகர வரிசை என்றார் ஆதம்பாவா. அதாவுல்லாவும் உடனே சம்மதித்தார். அப்படியானால் ஸலாஹுதீன் கடைசியில் வருவார் என்பதைப் பணிப்பாளர் ஸலாஹுதீனே கண்டுபிடித்து, வயது வரிசை என்றார். வயதைச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. நாலு அமர்வு இருந்து, கடைசியில் எல்லோருக்கும் சம்மதமான ஒரு வழியைக் கண்டார்கள்: எல்லோரையும் முதலாவதாகச் சொல்வது. அதாவது ஒவ்வொருவருக்கும் ஒரு தனி நன்றியுரை, ஒவ்வொன்றும் ‘முதற்கண்’ என்று தொடங்கும்.

இருபத்திரண்டாம் திகதி பஸ்மினா நாற்பத்துநாலு தரம் ‘முதற்கண்’ என்றாள். மூன்று மணி நேரம். இருபதாவது முதற்கண்ணில் அவளுக்குத் தொண்டை அடைத்தது, முப்பதாவதில் கால் மரத்தது. கறை படிந்த அந்தப் பொன்னாடை இப்போது நாலாவது தோளில் கிடப்பதைப் பார்த்தாள். அது எந்தக் கையிலிருந்து எந்த அலுமாரிக்குப் போய், எந்த விழாவில் திரும்ப வெளியே வந்தது என்று அவளால் திகதியோடு சொல்ல முடியும். நாலு வருடப் படிப்பில் அவள் செய்த முழுமையான ஆய்வு அதுதான்.

நாற்பத்துநாலும் முடிந்தபோது மண்டபத்தின் பின்பக்கம் பூமணி நின்றாள். மூன்று விழாவிலும் முந்நூறு கதிரையை விரித்து, முந்நூறையும் மடித்தவள். பஸ்மினாவுக்கு மனம் கரைந்தது. யோசிக்காமல் ஒலிவாங்கியில் சொல்லிவிட்டாள்: “இந்தக் கதிரையெல்லாம் அடுக்கின பூமணியக்காவுக்கும் நன்றி.”

பட்டியலில் இல்லாத ஒரு பெயர். அழைப்பிதழிலும் இல்லாத பெயர்.

“அழைக்கப்படாத ஒராளுக்கு நன்றி சொல்ல ஏலாது” என்றார் கலாநிதி ஸலாஹுதீன். “அழைக்காம நன்றி சொன்னா, அழைக்கிறதெல்லாம் எதுக்கு எண்டு ஆக்கள் கேப்பாங்க. மறுகா நிலையமே எதுக்கு எண்டு கேப்பாங்க. இத இப்பிடியே விட ஏலாது. பூமணிய முறையா ஒருக்கா விசேட அதிதியா அழைச்சு, முந்தின திகதி போட்டுச் சரிப்படுத்தணும். அதுவரைக்கும் கையொப்பம் நிக்கட்டும்.”

பூமணி அடுத்த நாள் பஸ்மினாவை வழிமறித்தாள். “என்னத்துக்குப் புள்ள என்ட பேரச் சொன்ன நீ? நான் உனக்கு என்ன செஞ்சன்? இருவத்தேழாந் திகதி மேடையில வந்து இரிக்கட்டாம். சாறிக்கு எங்க போற நான்?”

“எனக்குத் தெரியாமப் போச்சு பூமணியக்கா.”

“பேர் சொல்லாம இருந்த நாளெல்லாம் நிம்மதியா இருந்தன்” என்று சொல்லிவிட்டு அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள்.

இருபத்தேழாம் திகதி பஸ்மினா தன் உடுப்புப் பெட்டியையும் மண்டபத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். மத்தியானம் கல்முனையிலிருந்து புறப்படும் பஸ்ஸில் இடம் பிடித்திருந்தாள். கடிதம் கைக்கு வந்தால் நேரே ஏற வேண்டியதுதான். பிரதம அதிதி அதிசயமாக நேரத்துக்கு வந்தார். ஆதம்பாவா ஹாஜியார் பேனையை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அதாவுல்லா அதிபரும் சிரித்தார். பூமணி இரவல் சாறியில் மேடை ஓரத்தில், பிடித்து வைத்த திருடனைப் போல நின்றாள். எல்லோரும் உட்காரத் திரும்பினார்கள்.

கதிரை இல்லை.

முந்நூறு கதிரையும் களஞ்சிய அறையில் மடித்தபடி இருந்தன. அந்த அறைப் பூட்டின் திறப்பு பூமணியின் இடுப்பில் இருந்தது. “நான் போய் அடுக்கட்டா?” என்று அவள் இறங்கப் போனாள். கலாநிதி ஸலாஹுதீன் இரண்டு கையையும் விரித்து மறித்தார். “விசேட அதிதி கதிரை தூக்கிறதா? அழைப்பிதழ் அடிச்சாச்சு!” மாணவர்கள் தூக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மாணவர்கள் வரவுப் பதிவில் பார்வையாளர்கள்; பார்வையாளர் வேலை செய்தால் வரவு செல்லாது என்று உபகுழு நினைவூட்டியது.

பஸ்மினா ஆதம்பாவா ஹாஜியாரிடம் ஓடினாள். “ஹாஜியார், இதில ஒரு கையொப்பம். அவ்வளவுதான். பஸ் போயிரும்.”

அவர் வாத்சல்யத்தோடு அவள் முகத்தைப் பார்த்தார். “வைக்கிறன் மகள், ஏன் வைக்காம? ஆனா இவ்வளவு பெரிய கடிதத்துக்கு நிண்டுகொண்டு கையொப்பம் வச்சா உங்களுக்குத்தானே மரியாதக் குறைவு?”

விழா இருபத்தொன்பதாம் திகதிக்கு ஒத்திவைக்கப்பட்டது.

“சேர், இருவத்தெட்டுத்தான் கடைசி நாள்!” என்றாள் பஸ்மினா. அவள் மண்டபத்துக்கு நடுவில் நின்று அழுதாள். இதுவரை யாருக்கு முன்னாலும் அழாத பிள்ளை.

கலாநிதி ஸலாஹுதீன் ஆறுதல் சொன்னார். “இருவத்தெட்டுக்கும் இருவத்தொன்பதுக்கும் எத்தின நாள்? ஒரு நாள். வரலாற்றில ஒரு நாளெல்லாம் ஒரு விசயமா புள்ள? நூற்றாண்டில யோசிக்கப் பழகுங்க.”

இருபத்தெட்டாம் திகதி நாலு மணிக்கு அவள் நிலையத்தின் படியில் இருந்தாள். நாலு மணி தாண்டி ஐந்து நிமிடத்தில் கொழும்பிலிருந்து அந்தப் பெண்ணே தொலைபேசி எடுத்தார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அடுத்த இடத்தில் இருந்தவரை எடுத்துவிட்டதாகச் சொன்னார். “ஒரு வரிதானே கேட்டம் தங்கச்சி” என்றார். பஸ்மினா அந்த இறக்காமத்துப் பெட்டியை நினைத்தாள். பெட்டியை யாரோ திறப்பார்கள். இறக்காமம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத யாரோ.

இருபத்தொன்பதாம் திகதி விழா சிறப்பாக நடந்தது. நாலு பக்கக் கடிதத்தை, இரண்டு கையொப்பங்களோடு, பொன்நிறச் சட்டம் போட்டுக் கண்ணாடிக்குள் வைத்துக் கையளித்தார்கள். பிரதம அதிதி ஒரு பக்கம் பிடிக்க, பஸ்மினா மறுபக்கம் பிடித்தாள். அவள் தோளில் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து முனையைப் பார்த்தாள். கறை இருந்தது.

நிலையத்தின் ஆண்டறிக்கையில் ‘உருவாக்கப்பட்ட வாய்ப்புகள்: ஒன்று’ என்று எழுதினார்கள்.

பட்டம் முடிந்தும் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. மார்கழியில் கலாநிதி ஸலாஹுதீன் அழைத்து, நிலையத்தில் தற்காலிக நன்றியுரை இணைப்பாளர் பதவியைக் கொடுத்தார். மாவட்டத்தில் அவளைவிட அனுபவம் உள்ளவர் யாருமில்லை என்பது உண்மைதான். அவளுக்கு விருப்பமில்லை, ஆனால் இறக்காமத்தில் யானை பாதி வயலை மிதித்திருந்தது. ஆதம்பாவா ஹாஜியார் இதைவிடப் பெரிய மன்றம் ஒன்றுக்குப் போசகராகிவிட்டதால், கடிதங்களின் இரண்டாவது கையொப்பம் இணைப்பாளருக்கு வந்து சேர்ந்தது. அதைக் கேட்டதும் பஸ்மினா ஒரு சத்தியம் செய்தாள்: இனி ஒரு பிள்ளையையும் அலைய விடுவதில்லை.

தை மாதம் அந்தப் பிள்ளை வந்தாள். மாவடிப்பள்ளி பஸ்னா, மூன்றாம் வருடம். பொத்துவில் பக்கம் ஓர் அகழாய்வு முகாமில் இடம் கிடைத்திருந்தது. கண் இரண்டும் மின்னின. கையில் மின்னஞ்சல் அச்சடித்த தாள். மழையில் நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தாள்.

“வெள்ளிக்கிழமைக்கு முன்ன கடிதம் வேணும் மிஸ்.”

“பயப்படாத தங்கச்சி. விழாவத் தடுக்க என்னால ஏலாது, பணிப்பாளர் விடமாட்டார். ஆனா வியாழக்கிழம மேடையிலயே கையொப்பம் வச்சுத் தாறன். நன்றியுரைப் பட்டியலையும் நானே எழுதித் தாறன். அப்பிடியே வாசி. ஒருத்தரும் விடுபட மாட்டாங்க.”

இரண்டு நாள் இருந்து எழுதினாள். ஐம்பத்தேழு பெயர். பட்டம், பதவி, ஒழுங்கு, எல்லாவற்றையும் மூன்று தரம் சரிபார்த்தாள். அப்படி ஒரு பட்டியல் அந்த நிலையத்தில் அதற்கு முன் எழுதப்படவில்லை.

வியாழக்கிழமை பஸ்னா அழகாக வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொருவர் முகம் மலர்வதை பஸ்மினா முன்வரிசையில் இருந்து பார்த்தாள். பேனையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்பது, ஐம்பது, ஐம்பத்தைந்து. ஒலிபெருக்கி றாஸிக். ஐம்பத்தேழு. பஸ்னா தாளை மடித்து, சலாம் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள்.

பஸ்மினா இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை.

காதோரம் சூடானது. பட்டியலை எழுதியது யார் என்று இந்தப் பிள்ளைக்குத் தெரியாதா? இரண்டு நாள் இருந்து எழுதியது யார்? தன் பெயரைத் தானே எழுத முடியுமா? சேர்த்து வாசிக்கத் தெரிய வேண்டாமா? பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தன்னைப் பார்ப்பது போல இருந்தது. அவர்கள் உண்மையில் வட்டிலப்பத்தைத்தான் பார்த்தார்கள். பஸ்மினா எழுந்தாள். தான் எழுந்துவிட்டதே அவளுக்கு வாசலுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. வழியில் யாரோ நீட்டிய கோப்பையை அவள் வாங்கவில்லை.

பஸ்னா கடிதத்தோடு பின்னால் ஓடிவந்தாள். “மிஸ், கையொப்பம்... என்ன மிஸ், நான் ஏதும் பிழ விட்டனா?”

“எனக்கு ஒரு கோவமுமில்ல தங்கச்சி” என்றாள் பஸ்மினா. பேனை பைக்குள் போய்விட்டது. “நான் பேருக்கு அலையிற ஆளா?”

வாசலோரம் பூமணி கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் பஸ்னாவின் முகத்தைப் பார்த்தாள். பஸ்மினாவின் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த கதிரையை மடிக்காமல் கீழே வைத்தாள்.

“அடுத்தது எப்ப மிஸ்?” என்றாள். “மடிக்கட்டா, இப்பிடியே விடட்டா?”